ரிஜிஸ்தரில் எழுதிய பல்

காசிமாயனுக்கு மேல்வரிசையில் முன்பல் நாலும் வாயை விட்டு வெளியே நின்றன. நடுவில் இருந்த ரெண்டும் ஒன்றின் மேல் ஒன்று கால் போட்டுக்கொண்டு கிடக்கும். உதடு மூடாது. உசிலம்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் அவனுக்கு. சொந்தமாக ஒரு ரெட்டை மாட்டு வண்டி. சுண்ணாம்புக் கல்லும் விறகும் மதுரைக்கு ஏற்றிவந்து இறக்கிவிட்டுப் போவான். குடி கிடையாது. கை சுத்தம். ஒன்பது வருஷம் பழகியவன் நான், தெரிந்துதான் சொல்கிறேன்.

எத்துப்பல் உள்ளவன் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பான். மற்றவனுக்கு அது கேலியோடு போய்விடும். காசிமாயனுக்குப் போகவில்லை.

அந்தப் பக்கத்துச் சனங்கள் மேல் அப்போது கைரேகைச் சட்டம் இருந்தது. களவு செய்தவனா, செய்யாதவனா என்று பார்க்கிற சட்டம் இல்லை அது. அந்தச் சாதியில் பிறந்த ஆம்பளை என்றால் பத்து விரலையும் மையில் தொட்டு ரிஜிஸ்தரில் உருட்ட வேண்டும். பொழுது சாய்ந்தால் போலீஸ் சாவடியில் பேர் கொடுத்து அங்கேயே படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமென்றால் சீட்டு. ரிஜிஸ்தரில் ஒவ்வொருத்தன் பேருக்கு நேரேயும் அடையாளம் என்று ஒரு கட்டம் இருக்கும். ஒருத்தனுக்கு நெற்றித் தழும்பு, ஒருத்தனுக்கு அறுந்த காது. காசிமாயன் கட்டத்தில், ‘மேல் முன்பற்கள் வெளியே நீண்டிருக்கும்’ என்று எழுதியிருந்தது.

அந்த ஒரு வரி அவனைப் படுத்தாத பாடு படுத்தியது. திருமங்கலத்துப் பக்கம் மாடு காணாமல் போகும். பார்த்த பொம்பளை ‘பல்லு நீண்ட ஆளு’ என்பாள். ஏட்டு ரிஜிஸ்தரைப் புரட்டுவார், காசிமாயனைக் கூட்டிவரச் சொல்வார். பத்து நாள், பன்னிரண்டு நாள் உள்ளே. அடியும் உண்டு. பிறகு திருடின ஆள் வேறெங்காவது அகப்படுவான், இவனை விட்டுவிடுவார்கள். விட்டாலும், ‘சந்தேகத்தின் பேரில் பிடித்தது’ என்று அவன் பேரில் ஒரு வரி ஏறியிருக்கும்.

அந்த ஸ்டேசன் சப்-இன்ஸ்பெக்டர் கொஞ்சம் நல்ல மனுசன். “மூணு வருஷம் உம்பேர்ல ஒரு சந்தேகமும் ஏறாம இருடா. ரிஜிஸ்தர்லேருந்து பேரை எடுக்க நானே மேலே எழுதுறேன்” என்று சொல்லியிருந்தார். பேரை எடுத்துவிட்டால் வீட்டில் படுக்கலாம். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் காசிமாயன் தன் வீட்டில் விடியவிடியப் படுத்தது, விஷக்காய்ச்சலில் கிடந்த நாலு நாள்தான். அவனுக்கு வேண்டியது அது ஒன்று. ஆனால் அந்தப் பல் இருக்கிற வரைக்கும் மூன்று வருஷம் சேரவே சேராது.

இங்கே நான் என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் பேர் சிக்கந்தர். நாலாம் வகுப்போடு சரி. கோரிப்பாளையத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு ஈயம் பற்றவைக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்கத்தாவில் பல் வைத்தியம் படித்துவிட்டு வந்த மீரான் டாக்டர், எங்கள் தெருவில் ஆஸ்பத்திரி போட்டார். சின்னச் சாமான்களைப் பற்றவைக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். வந்தவனெல்லாம் பல்லைப் பிடுங்கத்தான் வந்தான், இல்லாவிட்டால் பொய்ப்பல் கட்ட வந்தான். கோணல் பல்லை நேராக்குகிற வேலையை அவர் ஆசையாகப் படித்திருந்தார். அதற்கு மதுரையில் ஒருத்தனும் வரவில்லை.

முப்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம், ஆஸ்பத்திரிச் சுவர் பூசக் காசிமாயன் சுண்ணாம்புக் கல் கொண்டுவந்து இறக்கினான். டாக்டர் வாசலில் நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையில் மாடு பிடிக்கிறவன் பார்ப்பது மாதிரி.

“என்னங்கய்யா, பல்லைப் பிடிச்சு வயசு பாக்குறீகளா?” என்றான் காசிமாயன்.

“என்ன வயசுப்பா உனக்கு?”

“இருவத்தாறு இருக்கும். ரிஜிஸ்தர்ல இருவத்தொம்பதுன்னு போட்டுருக்கான். அவன் சொல்றதுதான் வயசு.”

“இந்தப் பல்லை உள்ளே கொண்டுபோயிறலாம். காசு வேண்டாம். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வரணும். ரெண்டு வருஷமாகும்.”

“எதை வச்சு? சம்மட்டியா?”

“கம்பியை வச்சு.”

காசிமாயனுக்குச் சிரிப்பு நின்றுபோனது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மறைத்துக்கொண்டான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: “அப்போ, பாக்குறவுகளுக்கு எல்லாரும் போல இருப்பேனா?”

அந்த வைகாசியில்தான் கடைசியாக அவன் பேரில் சந்தேகம் ஏறியிருந்தது. இனி மூன்று வருஷத்தை அவன் விரல் விட்டு எண்ணினான். நாற்பத்தொன்றாம் வருஷம் வைகாசி.

முதலில் டாக்டர் ரப்பர் தகடு ஒன்று செய்தார். மேலண்ணத்தில் ஒட்டி உட்காருகிற மாதிரி, நடுவில் ரெண்டாகப் பிளந்து, பிளவில் ஒரு சின்னத் திருகு. வாரத்துக்கு ஒருதரம் குட்டிச் சாவியைப் போட்டுத் திருகினால் தகடு அகலும், பல்வரிசையும் அகலும், நெருக்கிக்கொண்டு நிற்கிற பல்லுக்கு இடம் கிடைக்கும். நல்ல சாமான்தான். அந்தச் சாவிதான் வினையாகப் போயிற்று. சாவடியில் மடியைச் சோதித்தபோது அகப்பட்டுவிட்டது.

“எந்த வீட்டுப் பெட்டிச் சாவிடா இது?” என்று ஏட்டு கேட்டிருக்கிறார்.

“என் வாய்க்குச் சாவிங்கய்யா.”

சாவடியே சிரித்திருக்கிறது. ஏட்டும் சிரித்துவிட்டுத்தான் ரெண்டு அறை விட்டார். சாவியை எடுத்துக்கொண்டார்.

அடுத்து டாக்டர், தலையில் வாரால் குல்லா மாதிரி கட்டி, அதிலிருந்து கம்பியை இழுத்துப் பல்லை உள்ளே தள்ளுகிற சாமான் ஒன்றைப் படத்தில் காட்டினார். ராத்திரி மட்டும் போட்டால் போதும் என்றார். காசிமாயன் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். “இதை மாட்டிக்கிட்டுச் சாவடியில படுத்தேன்னா, விடியுறதுக்குள்ள என்னைக் குரங்காட்டிக்கு வித்துப்புடுவாங்கய்யா” என்றான்.

கடைசியில் கழற்ற முடியாத கம்பி கட்டுவதென்று முடிவாயிற்று. இடம் உண்டாக்க ரெண்டு பக்கமும் கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லை எடுத்தார். கடைவாய்ப் பல்லுக்கு ஜெர்மன் சில்வரில் நான் வளையம் செய்து பற்றவைத்தேன். வளையத்திலிருந்து வளையத்துக்கு, பல்வரிசைக்கு வெளிப்பக்கமாக வில் மாதிரி ஒரு கம்பி. ஒவ்வொரு பல்லையும் அந்த வில்லோடு மெல்லிய பித்தளைக் கம்பியால் கட்டுவது. பதினைந்து நாளைக்கு ஒருதரம் முறுக்கிக் கொடுப்போம். முறுக்கின அன்றும் மறுநாளும் அவனால் சோற்றை மெல்ல முடியாது. கூழ்தான். கரும்பு, முறுக்கு, வறுத்த மொச்சை எதையும் தொடக்கூடாது. சாம்பலை அள்ளித் தேய்க்காமல் வேப்பங்குச்சியை நுனி நசுக்கிக் கம்பி இடுக்கெல்லாம் விலக்க வேண்டும். இம்புட்டையும் அவன் செய்தான். ஒரு தவணை தவறவில்லை. சீட்டு வாங்கி, வண்டி பூட்டி, முப்பது மைல் வந்து வாயைத் திறந்துகொண்டு உட்காருவான்.

“என்னடா, வாய்க்குள்ள வேலி அடைச்சிருக்க?” என்று ஏட்டு கேட்டாராம்.

“பல்லு ஊர் மேயப் போயிருதுங்கய்யா.”

நாற்பதாம் வருஷம் ஆவணியில் கம்பியை அவிழ்த்தோம். அன்றைக்கு அவன் பெண்டாட்டி அன்னக்கொடி கூடவே வந்திருந்தாள். அவன் உதட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூட முடிகிறது என்பதே அவனுக்குப் பெரிசாக இருந்தது. திறந்து காட்டச் சொன்னேன். அன்னக்கொடி பார்த்தாள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“பாய், இது யாரு வீட்டு ஆம்பளை? இந்த ஆளோட வண்டியில ஏறிப் போனா ஊரு என்னைய என்ன சொல்லும்?” என்றாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

டாக்டர் அவர்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். பல் இடம் மாறிவிட்டது, ஆனால் அதைச் சுற்றி இருக்கிற எலும்பு இன்னும் இறுகவில்லை. ஈறில் இருக்கிற நார் பழைய பக்கமே இழுக்கும். இறுகுகிற வரைக்கும் பிடித்துவைக்க ஒரு தகடு வேண்டும். ஆறு மாசம் ராவும் பகலும், அப்புறம் ஒரு வருஷம் ராத்திரி மட்டும். சாப்பிடும்போது கழற்றிப் பச்சைத்தண்ணியில் கழுவ வேண்டும், வெந்நீர் ஆகாது. “நாலு வாரம் போடாம விட்டேன்னா, ரெண்டு வருஷம் பட்ட பாடு வீண்” என்றார். தகட்டை நான்தான் செய்தேன். ரப்பரை அச்சில் அடைத்து ஆவிப்பானையில் வேகவைத்து, முன்பக்கம் பல்லை அணைத்தாற்போல ஒரு கம்பி வளைத்து வைத்தேன். அவன் வாயில் சட்டென்று போய் உட்கார்ந்தது. என் கையால் செய்ததில் அம்புட்டுச் சுத்தமாக அமைந்தது வேறில்லை.

ஏட்டுக்குத் தகட்டைக் காட்டி உத்தரவு வாங்கிக்கொண்டான். அவர் பழகின மனுசன், அவன் பல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனதைத் தினமும் கண்ணால் பார்த்தவர். ரிஜிஸ்தரில் அந்த வரியை மாற்ற வேண்டுமென்று அவருக்கும் தோன்றவில்லை, இவனுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

நாற்பத்தொன்று மாசியில் அந்தச் சப்-இன்ஸ்பெக்டரும் ஏட்டும் ஒரே உத்தரவில் மாறிப் போனார்கள். வைகாசிக்கு மூன்று மாசம் பாக்கி.

புது சப்-இன்ஸ்பெக்டர் வடக்கே இருந்து வந்தவர். முதல் நாள் சாயங்காலமே ரிஜிஸ்தரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தனையும் அடையாளம் பார்த்தார். காசிமாயன் முறை வந்தது.

“வாயைத் தொற.”

திறந்தான். அவர் ரிஜிஸ்தரைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். “இவன் காசிமாயன் இல்லை. காசிமாயன் எங்கடா?”

“நான்தாங்கய்யா.”

“பதிலுக்கு உன்னை நிறுத்திட்டு அவன் எங்க போயிருக்கான், களவுக்கா?”

சுற்றி நின்ற நாற்பது பேரும், “காசிமாயன்தாங்கய்யா, பல்லைக் கட்டிக்கிட்டான்யா” என்று ஒரே சத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் கெடுத்தது. நாற்பது பேர் ஒரே மாதிரி சொன்னால் நாற்பது பேரும் கூட்டு என்று அவருக்குப் பட்டுவிட்டது. மடியைச் சோதித்தார்கள். தகடு வந்தது. அதில் கம்பி இருந்தது. பூட்டுத் திறக்கிற கம்பி என்று எழுதித் துணியில் சுற்றி அரக்கு வைத்துவிட்டார்கள்.

ரேகை மெட்ராஸுக்குப் போய்ப் பதில் வர நாற்பத்திரண்டு நாள் ஆயிற்று. அம்புட்டு நாளும் லாக்கப்பில் கிடந்தான், தகடு இல்லாமல். அன்னக்கொடி நடந்தும் வண்டி மாறியும் கோரிப்பாளையம் வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். டாக்டர் இங்கிலீஷில் ஒரு கடுதாசி எழுதினார். இந்த ஆளின் பல்லை மாற்றியமைத்தது நான்தான், காசு வாங்காமல் செய்தேன் என்று. நல்லதற்குத்தான் எழுதினார்.

ரேகை ஒத்துப்போயிற்று. காசிமாயன்தான் காசிமாயன் என்று மெட்ராஸ் சொல்லிவிட்டது. உடனே சப்-இன்ஸ்பெக்டர் டாக்டர் கடுதாசியை எடுத்தார். “சரி, நீ அவன்தான். அப்போ போலீஸுக்குத் தெரியக்கூடாதுன்னு அடையாளத்தை மாத்தியிருக்க. காசு வாங்காம எவன்டா ரெண்டு வருஷம் வைத்தியம் பார்ப்பான்?” என்றார். அடையாளத்தை மாற்றிக்கொண்டதாகச் சந்தேகம் என்று ஒரு வரி ஏறியது. வைகாசிக்கு அப்போது நாற்பது நாள்கூட இல்லை.

சித்திரையில் அவன் வந்தபோது நான் வாயைப் பார்த்தேன். இடப்பக்கத்து நடுப்பல் திரும்பிக்கொண்டு ஒரு நெல் கனத்துக்கு வெளியே வந்திருந்தது. பக்கத்துப் பல் அதன்மேல் சாய ஆரம்பித்திருந்தது. உதடு மூடியது, ஆனால் சிரமப்பட்டு. புதுத் தகடு செய்து போட்டுப் பார்த்தேன். பல் நின்ற இடத்துக்குத்தான் தகடு செய்ய முடியும், முன்னே நேராக நின்ற இடத்துக்கு இழுத்துவர அதால் ஆகாது. மறுபடி கம்பி கட்ட வேண்டும், ஆறேழு மாசம் என்றார் டாக்டர்.

டாக்டரே ஸ்டேசனுக்குப் போனார். நானும் கூடப் போனேன். ரெண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். எனக்குப் பாஷை தெரியாது, ஆனால் டாக்டர் குரல் இறங்கிக்கொண்டே போனது தெரிந்தது. கடைசியில் சப்-இன்ஸ்பெக்டர், மூலையில் குத்தவைத்திருந்த காசிமாயனுக்கும் கேட்கட்டும் என்று தமிழில் சொன்னார்:

“பல்லு விழுந்துபோச்சுன்னா எழுத எனக்கு இடமிருக்கு, டாக்டர். கை போச்சு, கண்ணு போச்சு, எல்லாத்துக்கும் இடமிருக்கு. கோணல் பல்லு நேராயிருச்சுன்னு எழுத எந்த ரூல்லயும் இடமில்லை. இனி இவன் வாயில ஒரு குண்டூசியைப் பார்த்தேன், உள்ள வைப்பேன்.”

டாக்டர் வருத்தத்தோடு சிரித்தார். காசிமாயன் சிரிக்கவில்லை.

மேலதிகாரிக்கு டாக்டர் ரெண்டு கடுதாசி போட்டார். பதில் இல்லை. நாற்பத்திரண்டில் பட்டாளத்துக்குப் பல் டாக்டர் வேண்டுமென்று கேட்டார்கள், அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரியை நான் பார்த்துக்கொண்டேன். பல் பிடுங்கவும் செட் கட்டவும் எனக்கு வரும். கம்பி கட்டி முறுக்குகிற கணக்கு எனக்கு வராது. மதுரையில் வேறு யாருக்கும் வராது.

காசிமாயன் வாய் பழையபடியும் ஆகவில்லை, நேராகவும் இல்லை. ரிஜிஸ்தரில் இருக்கிற அளவுக்கு நீளவில்லை, ஒளித்துக்கொள்கிற அளவுக்கு உள்ளேயும் இல்லை. ஸ்டேசனுக்குப் புதுசாக வருகிறவனெல்லாம் அவனைத் தனியே நிறுத்தினான். களவு எங்கே போனாலும், பல் நீண்டவன் என்று யாரும் சொல்லாவிட்டாலும், ‘மூஞ்சியை மாத்துறவன் ஒருத்தன் இருக்கானே’ என்று கூட்டிப் போனார்கள். முன்னே பல்லுக்காகப் பிடித்தார்கள். இப்போது பல்லில்லாத களவுக்கும் பிடித்தார்கள். ரெண்டு வருஷத்தில் நாலு வரி.

நாற்பத்துமூன்றாம் வருஷம் ஆடி மாதம், காலையில் வந்தான். சுமை ஒன்றும் இல்லை, வெறும் வண்டி.

“பாய், முன்பல்லு நாலையும் எடுத்துவிடுங்க.”

“போப்பா. கல்லு மாதிரி இருக்கு, ஒரு சொத்தை இல்லை. அதை எடுத்தா எனக்குக் கை விளங்காது.”

“அந்தாளு சொன்னாருல்ல, விழுந்துபோச்சுன்னா எழுத இடமிருக்குன்னு.”

“அவன் கிறுக்குத்தனமா ஒண்ணு சொன்னான், நீயும் அதைப் பிடிச்சுக்கிட்டு…”

“நீங்க எடுக்கலைன்னா கல்லை வச்சுத் தட்டிக்கிருவேன். பாதி முறிஞ்சு நிக்கும். அதுக்கு இடமிருக்கோ இல்லையோ.”

டாக்டர் இருந்தால் விட்டிருக்க மாட்டார். கடுதாசி எழுதுகிறேன், பொறு என்றிருப்பார். எனக்கு அப்படிக் கடுதாசி எழுதவும் தெரியாது, பொறு என்று சொல்ல வாயும் வரவில்லை. அன்னக்கொடிக்குத் தெரியுமா என்று கேட்டேன். “அவதான் வண்டியில மாட்டைப் பூட்டுனா” என்றான்.

சண்டைக் காலம், மரத்துப்போகிற மருந்து கிடைப்பதில்லை. இருந்ததில் ரெண்டு பல்லுக்குத்தான் காணும். நாலுக்கும் பிரித்துப் போட்டேன். நல்ல பல், வேர் நீளம், லேசில் வரவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாவது பல்லில் நிறுத்தினேன். “ம்” என்றான், கண்ணைத் திறக்காமல். நாலும் வந்தது. கழுவிக் காகிதத்தில் மடித்துத் தரச் சொன்னான், கொடுத்தேன்.

மறுநாளே காகிதத்தைக் கொண்டுபோய் ஏட்டு மேசையில் விரித்திருக்கிறான். ஏட்டு எண்ணிப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், பழைய வரியைச் சிவப்பு மையால் அடித்து, ‘மேல் முன்பல் நான்கும் இல்லை’ என்று எழுதினார். மெட்ராஸுக்கு எழுதவில்லை, உத்தரவு கேட்கவில்லை. கால் மணி நேரத்து வேலை.

அதன் பிறகு அவனை யாரும் பிடிக்கவில்லை. மேல் முன்பல் இல்லாத திருடனை அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. நாற்பத்தாறு ஆடியில் மூன்று வருஷம் முடிந்தது. அப்போதிருந்த சப்-இன்ஸ்பெக்டர் மேலே எழுதி, பேரை எடுத்தார்கள். காசிமாயன் வீட்டில் படுத்தான்.

மறுவருஷம் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அவன் ஊரில் எல்லாருக்கும், திருடினவனுக்கும் திருடாதவனுக்கும் ஒரே நாளில். கணக்குப் பார்த்தால் மற்றவனைவிடக் காசிமாயன் பதினோரு மாசம் முந்தி வீட்டுக்குப் போனான். நாலு பல்லுக்குப் பதினோரு மாசம்.

அந்தச் சேதி கேட்டு, விறகு கொண்டுவந்த அன்றைக்கு அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். முப்பத்தைந்து வயசு, பார்த்தால் ஐம்பது என்பார்கள். மேல் உதடு உள்ளே குழிந்துபோயிருந்தது. பேசினால் காற்றுப் போகும். அளவெடுக்க மெழுகைக் காய்ச்சிக்கொண்டே சொன்னேன்: “மாப்ள, நாலு பல்லு நல்லா அழகா கட்டித் தாரேன். எனக்குக் காசு வேண்டாம். மறுக்காதே.”

அவன் என் கையிலிருந்த மெழுகைப் பார்த்தான்.

“சட்டம் போயிருச்சு, சரி. அந்த ரிஜிஸ்தரை என்ன செஞ்சாக பாய்? எரிச்சுட்டாகளா?”

“எனக்கென்னப்பா தெரியும். ஸ்டேசன் அலமாரியில கிடக்கும்.”

“அதுல எனக்குப் பல்லு இல்லைன்னு எழுதியிருக்கு” என்றான். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விறகை இறக்கப் போனான்.